ஒன்பது தீர்மானம், பதினோரு நாள்: பழக்கம் ஏன் நிலைப்பதில்லை?

1. கணக்குப்பிள்ளை (அனுப்பானடி), ஜனவரி 24, இரவு 10:15

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 43 வயது. மதுரை கீழமாசி வீதியில் ஒரு மொத்த மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிறேன். மகிழ்ச்சி, மன அமைதி, தொழிலில் ஓர் ஏற்றம் ஆகிய மூன்றும் நல்ல பழக்கங்களால் வாய்க்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் அதை நம்பி நான்கு ஆண்டுகளாக ஜனவரி முதல் தேதியில் ஒரு பட்டியல் போட்டு வருகிறேன். இந்த ஆண்டுப் பட்டியலில் ஒன்பது இருந்தன: நாலரை மணிக்கு எழுவது, பச்சைத் தண்ணீரில் குளிப்பது, யோகாசனம், 20 நிமிடம் தியானம், 5 கிலோமீட்டர் நடை, 10 பக்கம் வாசிப்பு, அன்றன்று நன்றி சொல்ல வேண்டியவற்றை எழுதுவது, எட்டு மணி வரை கைபேசியைத் தொடாதிருப்பது, சர்க்கரையை விடுவது. இதற்கென்றே தடித்த அட்டை போட்ட டைரி ஒன்றும் வாங்கினேன்.

பதினோரு நாள் ஒன்றைக்கூட விடவில்லை. ஜனவரி 11 ஜிஎஸ்டிஆர்-1 என்ற ஜிஎஸ்டி விற்பனைக் கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசி நாள் என்பதால், பில்களைச் சரிபார்த்து முடித்து வீடு திரும்பும்போது இரவு பதினொன்றரை ஆகிவிட்டது. மறுநாள் கண் விழித்தபோது மணி ஆறே முக்கால். எழும் நேரம் தவறியதும் நடை தவறியது. நடை தவறியதும் தியானத்தில் உட்கார மனம் வரவில்லை. மாலையில் கடைப் பையன் கொண்டு வந்த தேநீரில் சர்க்கரை இருந்தது, குடித்துவிட்டேன். அதற்குப் பிறகு டைரியைத் திறக்கவே கூச்சமாக இருந்தது. பொங்கல் முடிந்ததும் என் மனைவி, "இது சும்மாதானே கிடக்கிறது, பால் கணக்கு எழுதிக்கொள்ளட்டுமா?" என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

எனக்கு மனவுறுதி போதவில்லையா, அல்லது நான் பின்பற்றும் முறையே தவறா? அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

2. ஒத்தக்கடை ஆசிரியை, ஜனவரி 25, காலை 6:50

தம்பி, 34 ஆண்டுகள் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, நான்கு வண்ண ஸ்கெட்ச் பேனாவால் கால அட்டவணை வரைந்து சுவரில் ஒட்டும் பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். அந்த அட்டவணையைப் போட்டு முடித்த நிறைவே அவர்களுக்குப் பாடத்தைப் படித்து முடித்த நிறைவைக் கொடுத்துவிடும். மாலையில் புத்தகத்தைத் திறக்க வேண்டிய பசி இருக்காது. உங்கள் ஒன்பது தீர்மானங்களிலும் அந்த ஸ்கெட்ச் பேனாவின் மணம் வீசுகிறது, தவறாக எண்ண வேண்டாம்.

இன்னொன்றும் கவனித்தேன். ஒன்பதையும் ஒரே சங்கிலியாகக் கோத்து, முதல் கண்ணியாக நாலரை மணியை வைத்திருக்கிறீர்கள். முதல் கண்ணி அறுந்தால் மீதி எட்டும் கீழே விழத்தான் செய்யும். இது மனவுறுதியின் குறை அல்ல, கணக்குத் தெரிந்தவர் செய்த கணக்குப் பிழை.

3. மல்லித்தோட்டம் (செக்கானூரணி பக்கம்), ஜனவரி 25, பிற்பகல் 2:20

அதிகாலையில் எழுவதைப் பற்றி நான் கொஞ்சம் சொல்லலாம், ஏனென்றால் பூ எடுக்கும் காலத்தில் நாங்கள் மூன்று மணிக்கு எழுகிறோம். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, இடுப்பில் மடித்துக் கட்டிய துணியில் மொட்டைப் போட்டபடி, வெளிச்சம் வருவதற்குள் பாதித் தோட்டத்தையாவது முடித்தாக வேண்டும். மொட்டாக மாட்டுத்தாவணிச் சந்தைக்குப் போனால்தான் அதற்கு விலை. வாய் திறந்துவிட்டால் பாதி விலைக்கும் கேட்க ஆள் இருக்காது. 2013-இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, மகிழ்ச்சிதான். ஆனால் அந்தக் குறியீடு காலையில் வந்து எங்களை எழுப்புவதில்லை, விலை எழுப்புகிறது.

விடியுமுன் எழுபவர்களெல்லாம் வெற்றி பெறுவார்கள் என்பது மெய்யானால், எங்கள் ஊரில் ஒருவருக்கும் கடன் இருக்கக் கூடாது. குளிர் காலத்தில் கிலோ ஆயிரங்களில் போகும், அப்போது செடியில் பூ இருக்காது. கோடையில் செடி நிறையப் பூக்கும், அப்போது விலை இருக்காது. எழுந்த நேரம் இரண்டு காலத்திலும் ஒன்றுதான்.

ஆனால் ஒன்றை மறுக்க மாட்டேன். பூ எடுக்கும் அந்த இரண்டு மணி நேரம் கைபேசி வீட்டில் கிடக்கும், கை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும், பக்கத்து வரிசையில் நாத்தனார் ஏதாவது சொன்னால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. வீட்டுக்குத் திரும்பும்போது மனம் கழுவிவிட்ட பாத்திரம் போல இருக்கும். அமைதியைத் தேடி நான் தோட்டத்துக்குப் போனதே இல்லை. அது பாட்டுக்கு வருகிறது.

4. முன்னாள் வெற்றியாளர், ஜனவரி 25, இரவு 9:05

என் புனைபெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், அதற்கு ஒரு கதை உண்டு. மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு நட்சத்திர விடுதியில் நடந்த 2 நாள் பயிற்சிக்கு 4,999 ரூபாய் கட்டிப் போனேன். இருநூறு பேர் கண்ணை மூடிக்கொண்டு, "நான் வெற்றியாளன், நான் வெற்றியாளன்" என்று கத்தினோம். இறுதியில் 21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று சொல்லி ஆளுக்கொரு சான்றிதழும், 21 கட்டங்கள் போட்ட அட்டையும் கொடுத்தார்கள். அப்போது எனக்குத் தண்டல்காரருக்கு நாள்தோறும் 500 ரூபாய் கட்ட வேண்டியிருந்தது. கண்ணாடி முன் நின்று மகிழ்ச்சியை வரவழைத்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் அவருடைய வண்டிச் சத்தம் கேட்கும்.

கடனும் நோயும் வீட்டில் இருக்கும்போது, மகிழ்ச்சிக்குப் பழக்கம் என்று பேசுவது, இல்லாதவன் தலையிலேயே குற்றத்தைச் சுமத்துவதாகும். நீ மகிழ்ச்சியாக இல்லையா, அப்படியானால் நீ சரியாகப் பழகவில்லை என்பார்கள். இதைவிட வசதியான வாதம் விற்பவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

5. வெள்ளுடுப்பு, ஜனவரி 26, காலை 11:30

மனநலப் பிரிவில் 17 ஆண்டுகளாகச் செவிலியராகப் பணிபுரிகிறேன். அந்த 21 நாள் கணக்கு எங்கிருந்து கிளம்பியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது எத்தனையோ பேரை 22-ஆம் நாளில் அழவைத்திருக்கிறது. அமெரிக்காவில் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற ஒட்டறுவை (பிளாஸ்டிக் சர்ஜரி) மருத்துவர் இருந்தார். முகத்தில் அறுவை செய்துகொண்டவர்கள் கண்ணாடியில் தெரியும் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960-இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். அது அவர் கண்டதைச் சொன்ன குறிப்பு, ஆய்வு அல்ல. கைமாறிக் கைமாறி வந்ததில் "குறைந்தது" என்ற சொல் உதிர்ந்து, முகத்துக்குச் சொன்னது காலை நடைக்கும் பொருந்துவதாகிவிட்டது.

உண்மையில் எண்ணிப் பார்த்தவர்கள் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும். 96 பேர், ஆளுக்கு ஒரே ஒரு புதுச் செயல், காலைச் சிற்றுண்டிக்குப் பிறகு அல்லது இரவு உணவுக்கு முன் என்பதுபோல் அன்றாடம் வரும் ஒரு நிகழ்ச்சியோடு அதைச் சேர்த்து, 12 வாரம் கவனித்தார்கள். நினைக்காமலே அந்தச் செயல் நடக்கும் நிலையை எட்ட ஆன காலம், நடு அளவில் 66 நாள். சிலருக்கு 18 நாளே போதுமானதாக இருந்தது. சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். ஒரு தம்ளர் தண்ணீர் குடிப்பது போன்றவை சீக்கிரம் படிந்தன, உடற்பயிற்சி நெடுநாள் எடுத்துக்கொண்டது.

கணக்குப்பிள்ளை ஐயா கவனிக்க வேண்டிய செய்தி இதற்குள்ளேயே இருக்கிறது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனது அந்தப் பழக்கம் படிவதைக் குறிப்பிடும்படியாகக் கெடுக்கவில்லை. ஜனவரி 12-ஆம் தேதி உங்கள் பழக்கங்களை அழிக்கவில்லை. 13-ஆம் தேதி நீங்கள் டைரியைத் திறக்கக் கூசியதுதான் அழித்தது.

முன்னாள் வெற்றியாளர் சொன்னதை நான் மறுக்கப் போவதில்லை. எங்களிடம் வருபவர்களில் பலருக்கு மருந்தோடு சேர்த்துத் தேவைப்படுவது வட்டியில்லாத பணம். அதை எழுதிக்கொடுக்கச் சீட்டு இல்லை.

6. இரவுக்கடை, ஜனவரி 27, அதிகாலை 4:40

தூங்கா நகரம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அந்தத் தூங்காமையை யாராவது முறை வைத்துச் சுமக்க வேண்டுமல்லவா? நான் புரோட்டா மாஸ்டர். மாலை ஐந்து மணிக்குக் கல்லைப் பற்றவைத்தால் இறக்கும்போது இரண்டரை ஆகும். நீங்கள் எழுந்து தியானம் செய்யும் நேரத்தில்தான் நான் படுக்கிறேன். எங்களைப் போன்றவர்களுக்கு இந்தப் புத்தகங்களில் ஒரு பக்கமாவது இருக்கிறதா என்று தேடியிருக்கிறேன், கண்ணில் பட்டதில்லை.

நானே கண்டுபிடித்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். கடை முடிந்ததும் கல்லைச் சுரண்டித் துடைக்கும் வேலையை முன்பெல்லாம் பையன்களிடம் விட்டுவிடுவேன். இப்போது நானே செய்கிறேன். கல் இன்னும் சூடாக இருக்கும்போதே கரகரவென்று சுரண்டி, ஈரச் சாக்கை ஒரு இழுப்பு இழுத்தால் ஆவி எழும்பும். அந்தக் கால் மணி நேரம் நான் யாரோடும் பேசுவதில்லை என்று பையன்களுக்குத் தெரியும். அன்று சண்டை போட்ட வாடிக்கையாளர், சம்பளத்தில் பிடித்தம், எல்லாம் அந்தக் கல்லோடு போய்விடும் என்று சொல்லமாட்டேன். ஆனால் வீட்டுப் படியேறும்போது அவற்றை எடுத்துக்கொண்டு போவதில்லை.

7. வெள்ளுடுப்பு, ஜனவரி 27, காலை 8:15

இரவுக்கடை அண்ணன் சொன்னதில் ஒன்றுமே கூட்ட வேண்டியதில்லை. தூக்கத்தைப் பற்றி மட்டும் ஒரு சொல். எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்பதைவிட, நாள்தோறும் ஏறத்தாழ அதே நேரத்தில் படுக்கிறீர்களா என்பது முக்கியம். விடுமுறை நாளிலும் அந்த நேரத்தை மிகவும் மாற்றாதீர்கள். உடம்புக்குள் இருக்கும் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது வெளிச்சம். ஆகவே படுக்கும் அறையின் சன்னலைக் கெட்டியான போர்வையால் மறையுங்கள், எழுந்தவுடன் மொட்டை மாடிக்குப் போய் வெயிலைப் பாருங்கள். இரவுப் பணி முடித்து வரும் நாங்களும் இதைத்தான் செய்கிறோம்.

8. திருமங்கலம் மாணவி, ஜனவரி 28, மாலை 7:40

குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். வீட்டில் ஒரு மணி நேரம் தொடர்ந்து உட்கார முடிவதில்லை. தங்கை தொலைக்காட்சி பார்ப்பாள், அம்மா கடைக்கு அனுப்புவார்கள், இரண்டும் இல்லாவிட்டால் நானே கைபேசியை எடுத்துவிடுவேன். 2023 ஜூலையில் புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்த பிறகு, வாரத்துக்கு நான்கு நாள் இரண்டு பேருந்து மாறி அங்கே போகிறேன். எனக்கென்று ஒரு மேசை இருப்பதுபோல் எப்போதும் ஒரே பக்கத்தில்தான் உட்காருகிறேன், அந்த இடம் கிடைக்காத நாளில் சற்று எரிச்சலாகக்கூட இருக்கிறது. அங்கே ஐந்து மணி நேரம் போவது தெரிவதில்லை. அதே நான்தான், அதே மனவுறுதிதான். ஆகவே பழக்கம் நமக்குள் இருக்கிறதா, அல்லது மேசையில் இருக்கிறதா என்று எனக்கு ஐயம்.

9. ஒத்தக்கடை ஆசிரியை, ஜனவரி 28, இரவு 8:30

உங்கள் ஐயத்துக்கு ஆய்வாளர்கள் ஏற்கெனவே விடை தேடியிருக்கிறார்கள், பாப்பா. 2005-இல் வெண்டி உட் என்ற உளவியல் அறிஞரும் அவருடைய சக ஆய்வாளர்களும், ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறிய மாணவர்களைக் கவனித்தார்கள். உடற்பயிற்சி, செய்தித்தாள் வாசிப்பு, தொலைக்காட்சி ஆகியவற்றில், பழைய இடத்தில் இருந்த சூழல் புதிய இடத்திலும் கிடைத்தவர்களுக்குப் பழக்கம் தொடர்ந்தது; சூழல் மாறியவர்களுக்கு அறுந்துபோனது. கெட்ட பழக்கத்தை விடுவதற்கு வீடு மாறும் காலம் நல்ல காலம் என்று சொல்வதும் இதனால்தான்.

வெற்றியைப் பற்றிப் பேச்சு வந்ததால், நம் ஊர்க்காரர் ஒருவரை நினைவூட்ட விரும்புகிறேன். அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய மருத்துவர் கோ. வெங்கடசாமிக்கு இளம் வயதிலேயே கடுமையான முடக்குவாதம் வந்து கைவிரல்கள் கோணிவிட்டன. அந்த விரல்களை அறுவைக் கத்தி பிடிக்கப் பழக்கினார். தம் வாழ்நாளில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகள் செய்தார். அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு 1976-இல் 11 படுக்கைகளோடு அந்த மருத்துவமனையைத் தொடங்கும்போது அவருக்கு வயது 58 என்பதை என் வயதையொத்தவர்களுக்கு அடிக்கடி சொல்வேன். மேடைகளில் இதை மனவுறுதியின் கதையாகச் சொல்லிக் கைதட்டு வாங்குகிறார்கள். எனக்கென்னவோ இது கைப்பழக்கத்தின் கதையாகத்தான் படுகிறது. அந்த விரல்கள் ஒரு நாள் சூளுரையால் நிமிர்ந்துவிடவில்லை. அதே மேசை, அதே கருவி, அடுத்த கண், அதற்கடுத்த கண் என்று போயிருக்கின்றன.

10. முன்னாள் வெற்றியாளர், ஜனவரி 29, இரவு 9:50

அம்மா, பெரியவர்களை எடுத்துக்காட்டினால் எனக்குப் பயம் வந்துவிடுகிறது. நூறாயிரம் கண்ணுக்கு முன்னால் என் தண்டல் எம்மாத்திரம் என்று தோன்றும், ஆனால் தண்டல் தீராது.

11. ஐந்தாம் தேதி (மேலூர்), ஜனவரி 30, பிற்பகல் 3:10

தம்பி, உங்களுக்குத்தான் எழுதுகிறேன். நானும் தண்டல் கட்டியவள். சத்தத்தை வைத்தே அது யாருடைய வண்டி என்று சொல்லிவிடுவேன். உங்கள் கோபத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு நியாயம் இருக்கிறது. மீதி இருபதைப் பற்றித்தான் எனக்குப் பேச்சு.

அழகர்கோவில் பக்கம் புல்லுச்சேரியைச் சேர்ந்த சின்னப்பிள்ளை அம்மாவை உங்களுக்குத் தெரிந்திருக்கும். வயல் கூலி வேலை செய்தவர், களஞ்சியம் என்ற பெண்கள் சேமிப்புக் குழு இயக்கத்தை ஊர் ஊராகக் கொண்டு சென்றவர். டெல்லியில் ஸ்திரீ சக்தி விருது கொடுத்த மேடையில் பிரதமர் வாஜ்பாயி அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-இல் பத்மஸ்ரீயும் வந்தது. விருதைப் பற்றிச் சொல்ல வரவில்லை. அந்தப் பெண்கள் செய்தது என்ன? கையில் மிஞ்சும் சிறு தொகையைக் குறித்த நாளில், குறித்த இடத்தில், எல்லார் கண் முன்னாலும் வைத்தார்கள். அவ்வளவுதான்.

எங்கள் குழுவில் 14 பேர். மாதம் ஐந்தாம் தேதி மந்தையம்மன் கோயில் மண்டபத்தில் சாயங்காலம் ஐந்து மணிக்கு உட்காருவோம். முதலில் 50 ரூபாய், இப்போது 300. மழை பெய்தாலும் கூட்டம் உண்டு. பணம் இல்லாதவள்கூட வந்து, இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார வேண்டும். வராமல் இருக்கக் கூடாது என்பது எங்கள் ஒரே விதி. நான் தனியாக உண்டியலில் போட்டுச் சேர்த்த காலத்தில், மூன்றாம் மாதமே உண்டியலைக் குப்புறக் கவிழ்த்து ஊக்கால் காசு எடுத்திருக்கிறேன். அந்த உண்டியலுக்கு என் முகத்தைப் பார்க்கும் கண் இல்லை. மண்டபத்தில் பதின்மூன்று ஜோடி இருக்கிறது.

தண்டலை அடைத்தது குழுக் கடனில்தான். அதற்கு இரண்டரை ஆண்டு ஆனது. ஒரு நாள் மத்தியானம் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டும் நான் எழுந்து பின்கட்டுக்குப் போகவில்லை என்பதைக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உணர்ந்தேன். நீங்கள் மகிழ்ச்சி என்று சொல்வது அதுவா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

12. முன்னாள் வெற்றியாளர், ஜனவரி 30, இரவு 10:20

அக்கா, நீங்கள் சொன்னது பழக்கம் அல்ல, அமைப்பு என்று வாதிட்டுப் பார்த்தேன். என் வாதத்தை நானே ஏற்க முடியவில்லை. ஆனால் ஒன்றை விட்டுக்கொடுக்க மாட்டேன். உங்கள் மண்டபத்தில் இல்லை என்று சொல்ல இடம் இருக்கிறது. அந்த விடுதி அரங்கில் அது இல்லை.

13. வெள்ளுடுப்பு, ஜனவரி 31, காலை 10:00

மூன்று நாளாக ஒன்று மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது. கணக்குப்பிள்ளை ஐயா, நீங்கள் விட்ட டைரியில் உங்கள் துணைவியார் பால் கணக்கு எழுதுவதாகச் சொன்னீர்கள். அதில் எத்தனை நாள் விட்டுப்போயிருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியுமா?

14. கணக்குப்பிள்ளை, ஜனவரி 31, இரவு 9:30

பார்த்தேன். ஒரு நாளும் விடவில்லை. 17-ஆம் தேதி கூடுதலாக அரை லிட்டர், உறவினர் வந்திருந்தார்கள். எப்படி ஒரு நாளும் மறக்காமல் எழுதுகிறாய் என்று கேட்டதற்கு, கேள்வியே புரியாதவர் போல என்னைப் பார்த்து, "பால் வருகிறது, எழுதுகிறேன்" என்றார். டைரி இப்போது சமையலறைச் சன்னல் திட்டில், பால் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில், பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டபடி இருக்கிறது. நான் அதைப் பீரோவில் துணிக்கு அடியில் வைத்திருந்தேன்.

15. வெள்ளுடுப்பு, பிப்ரவரி 1, காலை 9:10

இதைத்தான் எதிர்பார்த்தேன். நியூயார்க் பல்கலைக்கழக உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் எழுதிய ஒரு புகழ்பெற்ற கட்டுரையின் சாரத்தை உங்கள் வீட்டுச் சமையலறை ஒரே வரியில் சொல்லிவிட்டது. நாளையிலிருந்து நடப்பேன் என்று எண்ணுபவர்களைவிட, இன்னது நடந்தால் இன்னதைச் செய்வேன் என்று இடத்தையும் நேரத்தையும் முன்கூட்டியே முடிச்சுப் போட்டுக்கொள்பவர்கள் கூடுதலாகச் செய்து முடிக்கிறார்கள் என்பதே அது. பால் வந்தால் எழுதுவேன் என்பது அப்படி ஒரு முடிச்சு. மல்லித்தோட்டத்துக்கு விலை, இரவுக்கடைக்குச் சூடான கல், மாணவிக்கு மேசை, மேலூர் அக்காவுக்கு ஐந்தாம் தேதியும் பதின்மூன்று ஜோடிக் கண்களும். உங்கள் ஒன்பது தீர்மானங்களுக்கும் இருந்த ஒரே முடிச்சு, கைபேசியின் அலாரம். அதை நிறுத்தத் தூக்கத்திலேயே நம் விரலுக்குத் தெரியும்.

ஒன்பதில் ஒன்றை மட்டும் எடுத்து, அதையும் பாதியாக்கி, பாலோடு கட்டுங்கள்.

தொழில் சார்ந்த எச்சரிக்கை ஒன்றும் சொல்ல வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுதும் மனம் சோர்ந்திருந்தால், பிடித்த செயலிலும் நாட்டம் அற்றுப்போனால், தூக்கமும் பசியும் கெட்டால், அது பழக்கத்தால் சரிசெய்ய வேண்டியதல்ல. மருத்துவரைப் பார்க்க வேண்டியது. உடனே போக முடியாதவர்கள் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணை அழைக்கலாம், கட்டணம் இல்லை, தமிழில் பேசுவார்கள்.

16. மல்லித்தோட்டம், பிப்ரவரி 1, பிற்பகல் 1:45

நன்றிக் குறிப்பைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள், ஐயா. என் மகள் பள்ளியில் எழுதச் சொன்னார்கள் என்று நாள்தோறும் எழுதினாள். நான்காம் நாளிலிருந்து "இன்றும் சோறு கிடைத்தது, நன்றி" என்றே எழுதிக்கொண்டிருந்தாள்.

17. வெள்ளுடுப்பு, பிப்ரவரி 1, மாலை 6:00

வாரத்துக்கு ஒரு முறை எழுதினால் அந்தச் சலிப்பு வராது. எம்மன்ஸ், மெக்கல்லோ என்ற இருவர் 2003-இல் வெளியிட்ட ஆய்வுகளில் ஒன்று, வாரம் ஒரு முறை வீதம் பத்து வாரம் எழுதவைத்துத்தான் நடந்தது. எழுதியவர்கள் தங்கள் வாழ்வைக் குறித்துக் கூடுதல் நிறைவு தெரிவித்தார்கள். ஆனாலும் மல்லித்தோட்டத்தோடு உடன்படுகிறேன், இப்போதைக்கு அது வேண்டாம்.

18. கணக்குப்பிள்ளை, ஏப்ரல் 19, மாலை 7:20

இரண்டரை மாதமாக எழுதாததற்குப் பொறுத்தருள வேண்டும். பிப்ரவரி 2 முதல், காலை ஐந்தே முக்காலுக்குப் பால் பாக்கெட்டை வாசலில் எடுத்து உள்ளே வைத்ததும், வாசலிலேயே கிடக்கும் செருப்பைப் போட்டுக்கொண்டு வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் போய் ஒரே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருகிறேன். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும். ஐந்து கிலோமீட்டர் என்று எழுதியவனுக்கு முதல் வாரம் வெட்கமாக இருந்தது. இரண்டாவது சுற்றுப் போகக் கால் இழுத்தபோதும் போகவில்லை. டைரியில் மனைவி லிட்டர் கணக்கு எழுதும் வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி வைக்கிறேன். வேறு ஒன்றும் எழுதுவதில்லை.

மார்ச் முதல் வாரத்தில் மாமியாருக்கு உடல்நலம் சரியில்லாததால் மனைவி சிவகங்கைக்குப் போனார், பாலை ஆறு நாள் நிறுத்திவிட்டோம். அந்த ஆறு நாளும் நான் போகவில்லை. மறந்தே போனேன் என்று சொன்னால் நம்புவீர்களா? ஏழாம் நாள் பால் வந்தது, பாக்கெட்டைக் கையில் எடுத்ததும் கண் தானாகச் செருப்பைத் தேடியது. ஆசிரியை அம்மாவுக்கும் வெள்ளுடுப்பு சகோதரிக்கும் இதை எழுத வேண்டுமென்று அன்றே நினைத்தேன்.

மகிழ்ச்சி வந்ததா என்றால், தெரியவில்லை. மைய மண்டபத்தின் மீது முதல் வெயில் விழும்போது நான் பெரும்பாலும் கிழக்குப் படிக்கட்டுப் பக்கம் இருப்பேன். அங்கே நாள்தோறும் உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவர், ஒரு மாதமாக என்னைப் பார்த்துத் தலையசைத்துக்கொண்டிருந்தவர், நான் வராத ஆறு நாளுக்குப் பிறகு, "ஊரில் இல்லையா?" என்று கேட்டார். மார்ச் 20, ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாத வரிக் கணக்கின் கடைசி நாளில், இரவு 12 மணிக்கு வந்து படுத்தும் மறுநாள் பாலை நான்தான் எடுத்தேன். கடையில் சம்பளம் ஏறவில்லை.

19. முன்னாள் வெற்றியாளர், ஏப்ரல் 19, இரவு 8:55

ஐயா, மிக்க மகிழ்ச்சி. ஒரே ஐயம்: சித்திரைத் திருவிழா வருகிறது. அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை இரவில் ஊரே தல்லாகுளத்தில் நிற்கும், மறுநாள் விடியலில் அழகர் ஆற்றில் இறங்குவார். அன்று பாலை யார் எடுப்பது? மேலூர் அக்காவின் குழுவில் இந்த மாதம் எனக்குத் தெரிந்த ஒருவரைச் சேர்த்துவிட்டேன், அதனால் கேள்வி கேட்கும் உரிமை எனக்கு வந்துவிட்டதாக நினைக்கிறேன்.

20. கணக்குப்பிள்ளை, ஏப்ரல் 19, இரவு 9:25

முடிச்சுப் போட்டாகிவிட்டது. அன்று பால்காரரே வர மாட்டார், அவருக்குச் சர்க்கரைக் கிண்ணம் எடுக்கும் நேர்த்திக்கடன் இருக்கிறது. நாங்களும் முந்தைய இரவே அனுப்பானடியிலிருந்து தல்லாகுளத்துக்கு நடந்து போகிறோம். புள்ளியை எந்தத் தேதியில் வைப்பது என்பதுதான் மனைவிக்கும் எனக்கும் இன்னும் தீராத வழக்கு.